35 ரூபாய் வீடு

திருக்கடையூரில் அறுபது வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மதிப்பே கிடையாது. தெருவில் நடந்தால், 'சாருக்கு அறுபதா, எழுபதா?' என்றுதான் முதல் கேள்வி. எனக்கு நாற்பத்தி சொச்சம் என்றதும், விசாரித்த வாத்தியார் முகம் வாடிப்போய் அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டார்.

2024 ஆனி மாசம், சித்தப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். அபிராமி சந்நிதியில் அன்றைக்கு மட்டும் எத்தனை ஜோடி என்று எண்ண முடியவில்லை. பிரகாரம் முழுக்கக் கலசம், ஹோமப் புகை, பட்டுப்புடவை, பேரன் கையில் செல்போன். எமனையே காலால் உதைத்த சாமி இருக்கிற ஊர். வயசாவது இங்கே ஒரு கௌரவம்.

இலை போட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காலாற நடந்தேன். இரண்டு பக்கமும் லாட்ஜ், கல்யாண மண்டபம், 'ஏ.சி. ரூம்கள் உண்டு' போர்டு. நடுவில், இரண்டு நாலு மாடிக் கட்டடங்களுக்கு இடையே, கூட்ட பஸ்ஸில் ஜன்னலோரம் நசுங்கி உட்கார்ந்திருக்கிற கிழவர் மாதிரி ஒரு வீடு. நெற்றியில் சுதையில் செய்த இரண்டு மயில். அவற்றுக்கு நடுவே '1914'.

நான் படித்தது பி.காம். எந்தப் பழைய பொருளைப் பார்த்தாலும் மனசு உடனே தேய்மானம் போடும். குடியிருக்கும் கட்டடத்துக்கு வருஷத்துக்கு 5 சதவிகிதம், குறைந்துகொண்டே போகும் மதிப்பில். 1914-ல் பத்தாயிரம் ரூபாய்க்குக் கட்டியதாக வைத்துக்கொள்வோம். 110 வருஷம் கழித்துப் புத்தகத்தில் நிற்கும் மதிப்பு 35 ரூபாய் சொச்சம். அன்றைக்கு மண்டப வாசலில் ஒரு இளநீர் அதைவிட அதிகம்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், ''என்ன தம்பி, கணக்குப் போடுறீங்க போல?'' என்றார். ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்காரர். ''உள்ள வந்து பாருங்க. கட்டணம் எல்லாம் கிடையாது!''

*

இந்த வீட்டைக் கட்டியவருக்கு ஆர்க்கிடெக்ட் யாரும் கிடையாது. ஆனால், ஒவ்வொரு அங்குலத்துக்கும் காரணம் இருக்கிறது.

முதலில் உயரம். தெருவிலிருந்து நாலு படி ஏறித்தான் திண்ணை. காவிரி கடைசியாகக் கடலுக்குப் போகிற பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரிந்தவர்கள் போட்ட கடைக்கால். திண்ணையின் ஒரு முனையில் தலையணை மாதிரி ஒரு சாய்மானம், சுண்ணாம்பிலேயே வழித்தது. வழிப்போக்கன் படுத்துக்கொள்ள.

அதைத் தாண்டினால் ரேழி. வெயிலிலிருந்து வருகிற கண்ணை இருட்டுக்குப் பழக்கும் சின்ன இடைகழி. பிறகு சட்டென்று கூடம், தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த முற்றம். வாசற்படியில் நின்றால் கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் திறந்து, கடைசியில் கொல்லைப்புறத்து வாழை பச்சையாகத் தெரிகிறது. அழகுக்காக மட்டும் அல்ல. முற்றத்தில் சூடான காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்பத் தெருவிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே இழுபடுகிறது. வெளியே ஆனி மாச மத்தியானம். உள்ளே ஃபேன் ஓடவில்லை. எனக்கு வேர்க்கவும் இல்லை. பக்கத்து லாட்ஜில் அந்த நேரத்தில் எத்தனை ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது என்பது, முற்றம் வரை கேட்டது.

கூடத்து ஓரத்தில் பத்தாயம். ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அங்கே பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த கண்ணாடிச் சுவர். அது கடல் கடந்து வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்த பணம். இங்கே காசு நெல்லாக வந்தது. எனவே வீட்டின் ராஜா பத்தாயம். அரண்மனை கட்டுகிற ஆசை டெல்டாக்காரனுக்குக் கொஞ்சம் கம்மி. இருந்தாலும் ஆசை இல்லாமல் இல்லை. முகப்புக் கூரையில் மட்டும் மங்களூர் ஓடு. 1865-ல் ஜெர்மன் பாதிரிமார்களின் பாசல் மிஷன் மங்களூரில் ஆரம்பித்த தொழிற்சாலை, தென்னிந்தியக் கூரைகளையே மாற்றியது. 1914-ல் அது ஃபாஷன். பின்கட்டுக்குப் போனால் பழைய நாட்டு ஓடுதான். மாடத்தில், மேல்நாட்டுத் தூணை எங்கேயோ படத்தில் பார்த்துவிட்டு, நம்மூர் கொத்தனார் செய்த தூண்கள். இலை, பூ எல்லாம் கிட்டத்தட்ட தாமரை ஆகிவிட்டன. இலக்கணப்படி தப்பு. பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது.

அந்தக் காலத்து வீட்டின் குணமே இதுதான் என்று தோன்றியது. தெருவைப் பார்க்கிற முகம் புதுசுக்கு ஆசைப்படுகிறது. உள்கட்டு பாட்டன் சொன்னதைக் கேட்கிறது. இரண்டுக்கும் சண்டை இல்லை.

இந்த மாதிரி நான் உருகிக்கொண்டிருந்தபோதுதான், வாத்தியாரின் மனைவி மோர் கொண்டுவந்தார்.

''திண்ணையப் பத்தியும் முத்தத்தப் பத்தியும் எழுதுறவங்க எல்லாம் ஆம்பளைங்கதான். அடுக்களைக்குள்ள வந்து அரை மணி நேரம் நில்லுங்க தம்பி. அப்புறம் எழுதுங்க'' என்றார்.

போனேன். கூடத்தில் இருந்த வெளிச்சத்தில் கால்வாசி இல்லை. ஒரே ஒரு சாளரம். கரி படிந்த உத்தரம். கேஸ் அடுப்பு வந்து பல வருஷம் ஆகியும் நூறு வருஷப் புகை இன்னும் போகவில்லை. ''எங்க மாமியா இருந்த வரைக்கும் விறகுதான். பாத்ரூம் கொல்லைக் கோடியில. மழையில குடை புடிச்சுக்கிட்டுப் போவணும். இப்ப முட்டி வலிக்குது. இவரு தேக்குத் தூணைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்காரு.''

கொல்லையில் இடிந்து கிடந்த ஒரு சின்ன அறையையும் காட்டினார். மாதத்தில் மூன்று நாள் பெண்கள் இருந்த இடம். கூலி நெல்லுக்கு நின்றவர்கள் கொல்லைக் கதவு வழியாகத்தான் வருவார்கள். நம் புகழ்பெற்ற திண்ணை அவர்களில் எல்லோருக்கும் கிடையாது. வீட்டின் படத்தை வரைந்தால், அதில் ஊரின் சட்டமும் சேர்ந்தே வந்துவிடும். யார் எதுவரை வரலாம் என்பதற்கு ஒவ்வொரு வாசற்படியும் ஒரு கோடு.

'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று வாட்ஸ்அப்பில் வீட்டுப் படம் அனுப்புகிறவர்கள் இந்தப் பாதியை அனுப்புவதில்லை. முன்னோர்கள் புத்திசாலிகள்தான். காற்றை எப்படி உள்ளே விடுவது என்று தெரிந்தவர்களுக்கு, மனுஷனை உள்ளே விடத் தெரியவில்லை.

அப்படியென்றால் இடித்துவிடலாமா? இல்லை. பழைய வீட்டை அப்படியே வைப்பது வேறு, காப்பாற்றுவது வேறு என்றுதான் சொல்ல வருகிறேன். அடுக்களைச் சுவரில் இன்னொரு ஜன்னல் திறந்தால், வீட்டுக்குள் ஒரு கழிப்பறை கட்டினால், 1914-க்கு ஒன்றும் துரோகம் ஆகிவிடாது. பாரம்பரியம் பேசுகிற நிபுணர்கள் பலர், முகப்புக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை முட்டி வலிக்குக் கொடுத்திருந்தால், இன்னும் நிறைய வீடுகள் மிஞ்சியிருக்கும்.

*

வாத்தியார் என்னைத் தாழ்வாரத்துச் சுவரிடம் கூட்டிப்போனார். இடுப்பு உயரம் வரை சுவர் பொரிந்து, உப்புப் பூத்து, தொட்டால் மாவாகக் கொட்டியது.

''ஓதம் ஏறுதுன்னு சிமென்ட் பூசினேன் தம்பி. நல்ல கம்பெனி சிமென்ட்டு. அதுக்கப்புறம்தான் ஜாஸ்தியாச்சு.''

தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான பழைய வீடுகளில் நடக்கிற கதை இது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். கீழேயிருந்து ஏறும் ஈரத்தை மெதுவாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசுவது, வேர்க்கிற ஆளுக்கு மழைக்கோட்டு மாட்டுவது மாதிரி. ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே நின்று, அதிலுள்ள உப்பு படிகமாகிப் பூச்சையும் கல்லையும் சேர்த்து உடைக்கும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்த செலவே வீட்டைத் தின்கிறது.

மாடியும் அப்படித்தான். தேக்குக் கட்டைகளின்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டிப் போட்ட தளம். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைக் கலந்து நாள்கணக்கில் தட்டுவார்கள். இப்போது அதைத் தட்டத் தெரிந்த ஆட்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம் சார்' என்று சொல்லத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர்.

சரி, வரவு-செலவுக்கு வருவோம். இந்த வீட்டைக் கட்டியதும், ஐம்பது வருஷம் காப்பாற்றியதும் நிலம். வருஷா வருஷம் ஓடு பிரித்து மேய, வெள்ளையடிக்க, ஆள் இருந்தது. கூலி நெல்லாகப் போனது. அந்த ஆட்களுக்கு நியாயமான பங்கு கிடைக்கவில்லை. அதனால்தான் 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-ல் அது 15 ஆனது. வரவேண்டிய சட்டங்கள். ஆனால், நிலம் போன பிறகு, நிலத்தை நம்பிக் கட்டிய வீடு மட்டும் நின்றது. கம்பெனியை மூடிய பிறகும் நிற்கிற ஹெட் ஆபீஸ் மாதிரி. ஒரு பென்ஷனில் இப்போது அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார் வாத்தியார். பிள்ளைகள் ஒன்று பெங்களூர், ஒன்று வெளிநாடு.

இன்னொரு பக்கம், லாட்ஜ் கட்ட மனையைக் கேட்டு வருகிறார்கள். வீட்டுக்கு அல்ல, மனைக்குத்தான் விலை. கேட்டவர் சொன்ன தொகையை வாத்தியார் என் காதில் சொன்னபோது, என் கையிலிருந்த மோர் கொஞ்சம் தளும்பியது. வீட்டுக்குத் தனி விலை உண்டா என்று விசாரித்தாராம். 'தூணு, கதவு, ஊஞ்சப் பலகை எல்லாம் எடுத்துக்கறோம் சார், இடிக்கிற கூலிக்குச் சரியாப் போயிடும்' என்று பதில். அந்தத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு மாதிரியான இடங்களுக்குப் போய், அங்கிருந்து ஏதோ ஒரு ஓட்டல் ரிசப்ஷனில் எதையும் தாங்காத தூணாக நிற்கும்.

கணக்கு படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த நிலைமையில் விற்பவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

பழைய வீட்டுக்கு வேறு என்ன வழி? நான் பார்த்தவரையில் மூன்று.

ஒன்று, நினைவகம். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. சின்ன வீடு. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு கட்டில், கூடம், அடுக்களை, பின்னால் கிணறு. 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிச் சீர்செய்தது. அந்த வருஷம் டிசம்பரில் அப்துல் கலாம் திறந்துவைத்தார். ஒரு மேதை எவ்வளவு குறைந்த சதுர அடியில் உருவாக முடியும் என்று அந்த வீடு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது. பத்துப் புத்தகம் செய்யாததை அந்த ஜன்னலோரக் கட்டில் செய்கிறது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால், எல்லா வீட்டிலும் ராமானுஜன் பிறந்து வளர முடியாதே. நம் வாத்தியார் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். அதற்கெல்லாம் நினைவகம் கிடையாது.

இரண்டு, பெயர்த்து நடுவது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ரா. இடிக்கப்போன வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, மறுபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே நாளில் செட்டிநாட்டு வீட்டிலிருந்து கேரள வீட்டுக்கு நடந்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அற்புதமான இடம். ஆனால், அந்த வீடுகளுக்குத் தெரு இல்லை, எதிர்வீடு இல்லை, எட்டிப் பார்க்கிற பாட்டி இல்லை. வீட்டைக் கொண்டுவரலாம், அக்கம்பக்கத்தை எப்படிக் கொண்டுவருவது?

மூன்று, ஓட்டல். இதைப் பார்க்கத் திருக்கடையூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி போனால் போதும். 1620-ல் தஞ்சை நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர். அங்கே கடலைப் பார்த்த பழைய பங்களாவை நீம்ரானா நிறுவனம் ஓட்டலாக்கியது. அது துரைமார் கட்டடம், பிழைத்துக்கொண்டது. என்னைக் கவர்ந்தது கோல்ட்ஸ்மித் தெரு. 2004 சுனாமிக்குப் பிறகு, இன்டாக் அமைப்பு டென்மார்க்கின் பெஸ்ட்செல்லர் அறக்கட்டளை உதவியோடு அங்கிருந்த சாதாரணத் தமிழ் வீடுகள் சிலவற்றைச் சீர்செய்தது. கவர்னர் பங்களாவைக் காப்பாற்ற நூறு பேர் வருவார்கள். சாதாரணத் திண்ணை வீட்டையும் காப்பாற்றத் தகுந்தது என்று நினைத்தார்களே, அது பெரிய விஷயம்.

ஆனால், ஓட்டல் வழியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இலங்கையில் காலிக் கோட்டை 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பிற்பாடு, உள்ளே இருந்த வீடுகளில் நிறைய வெளிநாட்டுக்காரர்கள் வாங்கி, ஓட்டல்களும் கடைகளுமாக ஆகிவிட்டன. சுவர்கள் பளபளக்கின்றன. பழைய குடும்பங்களில் பல கோட்டைக்கு வெளியே. வீடு பிழைத்தது, குடித்தனம் போய்விட்டது.

இந்த மூன்றையும் நான் குறை சொல்வது ஒரே காரணத்துக்குத்தான். மூன்றுமே வீட்டுக்காரர் வெளியேறிய பிறகு ஆரம்பிக்கின்றன. அவர் உள்ளே இருக்கும்போதே உதவுகிற நாலாவது வழி ஒன்றை நாம் கண்டுபிடிக்கவே இல்லை.

*

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். மத்திய அரசின் 1958-ம் வருஷச் சட்டம் நூறு வருஷத்துக்குக் குறையாத சின்னங்களைப் பாதுகாக்கச் சொல்கிறது. 1966-ல் நம் மாநிலமும் தனியாக ஒன்று போட்டது. இரண்டும் கோயில், கோட்டை, கல்வெட்டுக்கு ஏற்றவை. ஆள் குடியிருக்கிற வீட்டுக்குள் தொல்லியல் துறை போர்டு வைத்தால், வீட்டுக்காரர் எங்கே போவார்? தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் வந்தது. நடைமுறைக்கு வர 2024 ஆனது. பன்னிரண்டு வருஷம்! அதற்குள் எத்தனை முற்றங்கள் கார் பார்க்கிங் ஆகியிருக்கும்?

மற்ற ஊர்களில் கொஞ்சம் முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள். மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டட விதிகள் வந்தன. பழைய கட்டடத்தை இடிக்க முடியாமல் நஷ்டப்படுகிறவர், கட்டாத மாடிகளுக்கான உரிமையை வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு விற்கலாம். வணிகவியல் மாணவன் எழுந்து நின்று கைதட்ட வேண்டிய யோசனை. ஆனால், திருக்கடையூரில் அந்த உரிமையை வாங்க ஆள் வராது. நமக்கு ஒத்துவருவது பாண்டிச்சேரி. அங்கே வைசியாள் வீதியில் வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்தபோது, செலவில் ஒரு பங்கைத் திட்டம் கொடுத்தது. ஒரு பங்கை வீட்டுக்காரர்கள் போட்டார்கள். வீடும் அவர்களுடையது, பெருமையும் அவர்களுடையது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது வந்தது.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. நூறு வயசான வீட்டில் குடியிருந்து பராமரிப்பவருக்கு வீட்டு வரியில் தள்ளுபடி. ரிப்பேருக்குக் குறைந்த வட்டியில் கடன். அதில் கழிப்பறையும் அடுக்களையும் முதல் அயிட்டம். தாலுகாவுக்கு நாலு கொத்தனார்களுக்குச் சுண்ணாம்பு வேலை சொல்லிக்கொடுத்து, தினக்கூலி குறையாமல் வேலை. அறுபதும் எண்பதும் கொண்டாட வருகிறவர்கள் வருஷம் முழுக்க ரூம் தேடுகிற ஊர் இது. இரண்டு அறையைச் சுத்தமாக்கி வாடகைக்கு விட வாத்தியாருக்கு யாராவது கைகொடுத்தால், வீடே தன் மருந்துச் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். லாட்ஜ் வேண்டாம் என்று யார் சொன்னது? தெருவில் பத்து லாட்ஜ் இருக்கட்டும். பதினோராவதாக ஒரு திண்ணையும் இருக்கட்டுமே.

தேய்மானக் கணக்கில் ஒரு கோளாறு உண்டு. நாங்கள் படித்தபோதே உறுத்தியது. இயந்திரம் பழசானால் வேலை குறையும். அதனால் மதிப்பைக் குறைக்கிறோம். இந்த முற்றம் 110 வருஷமாக ஒரு யூனிட் கரன்ட் இல்லாமல் அதே காற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கிறதே, இதற்கு எந்தப் பத்தியில் எழுதுவது? பதில் சொல்ல எங்கள் பேராசிரியர் இப்போது இல்லை.

*

மண்டபத்திலிருந்து 'இலை போட்டாச்சு' என்று போன் வந்தது. கிளம்பினேன்.

''என்ன முடிவு பண்ணியிருக்கீங்க சார்?''

வாத்தியார் திண்ணைத் தூணில் கையை வைத்துக்கொண்டார். ''ஐப்பசி மழை வரைக்கும் டயம் கேட்டிருக்கேன். ஓடு மாத்த ஆள் கிடைச்சா ஒரு வருஷம் தள்ளும். கிடைக்கலைன்னா...'' என்று நிறுத்தி, பக்கத்து லாட்ஜை ஒரு பார்வை பார்த்தார்.

அவர் மனைவி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். ''பத்திரிகையில எழுதுறதோட நிறுத்தாம, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் யாராச்சும் இருந்தா நம்பர் வாங்கிக் குடுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.''

என் போனில் எண்ணூறு நம்பர் இருக்கிறது. மந்திரி பி.ஏ. இருக்கிறார், சினிமா டைரக்டர் இருக்கிறார். கொத்தனார் ஒருத்தர்கூட இல்லை.

தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். ஐப்பசிக்குள்.